அமாவாசை இல்லாத காலண்டர்

மாசம் எத்தனைன்னு கேக்குறான் பக்கத்து நாற்காலிக்காரன். புள்ளத்தாச்சியைக் கேக்குற மாதிரி. ஏசி ஓடுது, ஆனாலும் கோட்டுக்குள்ள அவனுக்கு வேர்த்து ஊத்துது. "எனக்கு நாப்பத்தெட்டு, உங்களுக்கு?" எண்பத்து நாலுன்னேன். ஆள் ஆடிப்போயிட்டான். எந்தக் கம்பெனிங்கன்னு கேட்டான். சிவகாசியில ஒரு அச்சாபீஸ், காலண்டர் அடிக்கிறோம்னேன். யாரோடதுன்னான். எங்கப்பாவோடதுன்னேன். "ஓ, வீட்டு பிசினஸா"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். அவ்வளவுதான், எண்பத்து நாலும் அவன் கணக்குல பூஜ்யம். திரும்பிக்கோ ராசா, நல்லாத் திரும்பிக்கோ. உனக்கு மாசம் பொறந்தா பேங்குல சம்பளம் விழுது, வருஷம் முடிஞ்சா லெட்டர் குடுக்குறாங்க, லீவு எடுத்தா லீவுன்னு எழுதி வைக்கிறாங்க. எனக்கு லீவே கிடையாது, அதனால வேலையும் கிடையாது, அப்படித்தானே? இந்த நாற்காலி வேற ஆடுது. ஒரு கால் கட்டை. நிமிந்து உக்காந்தா டொக், சாய்ஞ்சா டொக். எம்பிஏ சொல்லிக் குடுக்குற காலேஜு, பில்டிங் பூரா கண்ணாடி, ஒரு நாற்காலிக் காலைச் சரி பண்ண ஆளில்ல. என் டோக்கன் பதினாலு. இப்போ ஒன்பது ஓடுது. அந்த மூலையில மேசை போட்டு ஒரு கண்ணாடிக்காரர் உக்காந்திருக்காரே, அவர்தான் சான்றிதழ் பாக்குறவர். அவர் தலையாட்டினா உள்ள நேர்காணல். ஆட்டலன்னா அப்படியே படியிறங்கி கோயம்பேட்டுக்குப் பஸ் பிடிக்கணும். குறைஞ்சது முப்பத்தாறு மாசம் வேலை பாத்திருக்கணும், கம்பெனி தலைப்புத்தாள்ல பேரு, பதவி, எத்தனை காலம், மூணும் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இருக்கணும். விண்ணப்பத்துல எண்பத்து நாலுன்னு நான் பாட்டுக்குப் போட்டுட்டேன். பரீட்சையில மார்க்கு நல்லா வந்துச்சு, கூப்பிட்டுட்டாங்க. இப்போ காட்டணும். மடியில இருக்குற ஃபைலுக்குள்ள மூணு லெட்டர் இருக்கு. மூணுல ஒண்ணுதான் குடுக்கலாம். எதுன்னு இன்னும் எனக்கே தெரியல. பொய், தெரியும்.

முதல் லெட்டர் அப்பா குடுத்தது. போன மாசம், மதியச் சாப்பாடு முடிச்சு ஈஸிசேர்ல சாயப் போனவரைப் பிடிச்சு நிறுத்திக் கேட்டேன். வாங்கிப் பாத்தா, "என் மகள் சொர்ணக்கனி, வீட்டு வேலை போக ஒழிந்த நேரங்களில் அச்சகத்தில் எனக்கு உதவியாக இருந்து வந்தாள்." ஒழிஞ்ச நேரமாம். காலையில ஏழரைக்கு ஷட்டரைத் தூக்குறவ நானு. பேப்பர் லாரி வந்தா இறக்குறதுக்கு ஆள் பிடிக்கிறவ, மை தீந்துச்சுன்னா போன் போடுறவ, தாள் அடுக்குற அக்காமாருக்குள்ள சண்டைன்னா நடுவுல போய் நிக்கிறவ, எல்லாம் நானு. ஆடிப்பெருக்கன்னைக்கு அடுத்த வருஷத்துக்கான மாதிரி ஆல்பம் வெளியிடணும், அது எங்க ஊர் வழக்கம், அன்னைக்கு விட்டா ஆர்டர் வேற ஆபீசுக்குப் போயிரும். அந்த ஆல்பத்துல எந்தச் சாமி படம் முன்னால, எந்தச் சாமி பின்னால, எந்த ஊருக்கு எது ஓடும், இது பூரா என் தலைக்குள்ள. முக்கியமா தேதித்தாள். முந்நூத்து அறுபத்தஞ்சு தாள்லயும் திதி, நட்சத்திரம், ராகுகாலம், முகூர்த்தம் எல்லாம் பாத்து, புரூஃப் ஓரத்துல "சரி"ன்னு எழுதி கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்து இல்லாம மைக்கேல் அண்ணாச்சி மிஷினைத் தொட மாட்டார். அப்பாவே வந்து ஓட்டுடான்னு சொன்னாலும் "பாப்பா கையெழுத்து எங்க முதலாளி"ம்பார். ஒழிஞ்ச நேரத்துல போட்ட கையெழுத்துக்கா அந்தப் பெரிய மிஷின் காத்துக்கிட்டு நின்னுச்சு? கேட்டுட்டேன் அப்பாகிட்ட. மேலாளர்னு எழுதிக் குடுத்தா என்னப்பான்னு நேராவே கேட்டேன். அதுக்கு அவர் மெதுவாத்தான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் எரியுது. "ஒரு நாற்காலிக்கு ரெண்டு பேருக்கு எப்படிம்மா சர்டிபிகேட் தர?"

டொக். பத்தாம் நம்பர் எந்திரிச்சுப் போகுது. நாற்காலி. அந்த நாற்காலியில உக்காந்திருக்கிறது எங்கண்ணன் செந்தூர். எங்க உக்காந்தான்? ஒரு நாள் உக்காந்து யாராவது பாத்திருக்காங்களா? அவன் காலேஜு முடிச்சான், பெங்களூருல ரூம் எடுத்துப் பரீட்சைக்குப் படிச்சான், ஒரு தடவை தோத்தான், மறுபடி படிச்சான். அஞ்சு வருஷம். அந்த அஞ்சு வருஷமும் அச்சாபீஸ் காகிதத்துல அவன்தான் மேலாளர். ஆடிட்டர்கிட்ட அவன் பேரு, பேங்குல அவன் பேரு. பிறகு கனடாவுல இதே எம்பிஏவுக்கு விண்ணப்பம் போட்டப்போ, அறுபது மாசம் மேலாளர்னு அப்பா ஜம்முன்னு தலைப்புத்தாள்ல எழுதிக் குடுத்தார். அதை டைப் அடிச்சது யாரு? நான்தான். ஒரு எழுத்துப் பிழை இல்லாம அடிச்சேன். "விநியோகத்தைச் சீரமைத்தார், தொழிலாளர்களை வழிநடத்தினார்." நான் செஞ்சதை எல்லாம் வரிசையா அவன் பேருல நானே அடிச்சேன், அடிக்கையில ஒண்ணும் தோணலங்கிறதுதான் அசிங்கம். அண்ணன் நல்லா வரட்டும்னு மட்டும்தான் தோணுச்சு. கெட்டவன் இல்ல அவன். வர்றப்போ எனக்கு வாட்ச் வாங்கிட்டு வருவான். ரெண்டாவது லெட்டரும் அவன் உபயம்தான். கோயமுத்தூர்ல அவன் கூட்டாளி ஒருத்தன் விளம்பரக் கம்பெனி வச்சிருக்கான், நான் அங்க நாப்பது மாசம் நிர்வாகியா இருந்தேன்னு பளபளன்னு ஒரு லெட்டர். அந்த ஆபீஸ் எந்தத் தெருவுல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. "கனி, இதைக் குடு, கேள்வியே கேக்க மாட்டாங்க. அச்சாபீஸ் பேச்சை எடுத்தேன்னா என் பேரும் வெளிய வரும், புரியுதா? புத்தியோட நடந்துக்கோ." புத்தியோட. தை மாசம் திரும்பி வர்றான். அச்சாபீஸை இனிமே அவன்தான் பாக்கப் போறான். அப்பா அவனுக்குன்னு ஒரு ரூமை வெள்ளையடிச்சு வச்சிருக்கார், புது மேசை, சுழல்ற நாற்காலி. அவன் வந்து உக்காந்ததும் நான் யாரு? எழுந்து போற நாற்காலிகூட எனக்கு இல்ல, நான்தான் உக்காரவே இல்லையே. இந்த எடம் கிடைச்சாத்தான் நான்னு ஒருத்தி இருந்தேங்குறதே மிச்சம். கிடைக்கலன்னா தையில இருந்து எனக்கு எல்லா நேரமும் ஒழிஞ்ச நேரம்தான்.

நாப்பத்தெட்டு மாசக்காரன் கூப்பிடுறான், "தண்ணி வேணுமா?"ன்னு. வேண்டாம்பா. நீ உன் டையைச் சரி பண்ணு. மூணாவது லெட்டரைத் தொட்டுப் பாத்துக்கிறேன், இருக்கு, மடிப்பு மஞ்சளாயிருக்கு. அதைத் தொட்டாலே சாத்தூர் அண்ணாச்சி குரல் கேக்குது. சேவுக்கடை அண்ணாச்சி. நான் வேலைக்கு வந்து மூணு வருஷம் முடிஞ்சு நாலாவது வருஷம், ஜனவரி மாசம், போன் அடிக்குது. "யம்மா, புரட்டாசியில எங்கப்பனுக்குத் திதி குடுக்கணும். உங்க காலண்டர்ல அமாவாசையைக் காணோமே. நிலா லீவுல போயிருச்சா?" சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே போய் காலண்டரைப் பிரிச்சேன். புரட்டாசி எட்டு, சதுர்த்தசி. ஒன்பது, பிரதமை. நடுவுல இருக்க வேண்டியது இல்ல. எங்ககிட்ட ரெண்டு செட்டு உண்டு, வாக்கியப் பஞ்சாங்கம் ஒண்ணு, திருக்கணிதம் ஒண்ணு, ரெண்டுக்கும் திதிக் கணக்கு வேற, கேக்குற கடைக்கு ஏத்த மாதிரி அடிச்சுக் குடுக்கணும். அந்த வருஷம் வாக்கியத்துல அமாவாசை ஒன்பதாம் தேதி, திருக்கணிதத்துல எட்டாம் தேதி. மிஷின்ல ஏத்துற ஒரு அச்சுப் பிளேட்டுல பதினாறு தேதி. எட்டோட ஒரு பிளேட்டு முடியுது, ஒன்பதுல அடுத்தது ஆரம்பிக்குது. முதல் பிளேட்டு வாக்கியம், அடுத்தது மாறித் திருக்கணிதம். தனித்தனியாப் பாத்தா ரெண்டும் சுத்தமா சரி. அப்படித்தான் நானும் தனித்தனியாப் பாத்து ரெண்டுலயும் "சரி"ன்னு எழுதியிருக்கேன். இடையில இருந்த இடுக்குல மகாளய அமாவாசை விழுந்து காணாமப் போச்சு. நாப்பத்தாறாயிரம் காலண்டர். இருநூத்துப் பன்னெண்டு கடை. எல்லாம் வீடு வீடா ஆணியில தொங்கியாச்சு. அப்பா மேசையில அறைஞ்சு, "கையெழுத்துப் போட்டது யாரு?"ன்னு கத்துறார். அச்சாபீஸ் பூரா நிக்குது. தாள் அடுக்குற வெள்ளையம்மாக்கா முந்தானையைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா. மைக்கேல் அண்ணாச்சி வாயைத் திறக்கப் போனார், நான்தான் மிஷின்ல மாத்தி ஏத்தியிருப்பேன்னு பழியைத் தன் மேல போட்டுக்கத்தான், எனக்குத் தெரியும். அதுக்குள்ள நான் சொல்லிட்டேன். நான்தாம்ப்பா. நான் போட்டது.

அப்பவும் அண்ணன்தான் காகிதத்துல மேலாளர். ஆனா பாருங்க, தப்புல அவன் பேரை எழுதணும்னு அந்த வீட்டுல ஒரு ஈ காக்காய்க்குத் தோணல. எனக்கும் தோணல. அப்பா சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்கிறேன், எல்லாக் கடைக்கும் மன்னிப்புக் கடிதம். "மூன்று ஆண்டுகளாக எங்கள் அச்சகத்தின் மேலாளராகப் பொறுப்பு வகிக்கும் த. சொர்ணக்கனியின் கவனக்குறைவால்..." விரல் நின்னுருச்சு. நான் மேலாளராப்பா? "பின்னே? எழுத்துக் கோக்குற புள்ள பண்ணிட்டான்னு போட்டா, அதை நம்பி விட்ட கிறுக்கன் யாருன்னு என்னைக் கேப்பான். மேலாளர்னு போடு. மூணு வருஷம்னும் போடு, நேத்து வந்தவன்னு நெனச்சுரக் கூடாது." போட்டேன். கண்ணுல தண்ணி, திரை மங்கலாத் தெரியுது, ஆனா அந்த வார்த்தையை அடிச்சு முடிச்சதும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, வெக்கங்கெட்ட சந்தோஷம். என் பேரும் அந்தப் பதவியும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது. தலைப்புத்தாள்ல. அப்பா கையெழுத்து, முத்திரை. பாராட்டுனா அண்ணன், பழின்னா நான். சரி, அந்தப் பழியவாவது என் பேருல குடுத்தாங்களே.

பழியை வாங்கிட்டுச் சும்மா இருந்தேனா? நாப்பத்தாறாயிரம் காலண்டரைத் திருப்பி வாங்குறது நடக்குற காரியமில்ல. அப்பா ரெண்டு நாள் படுத்துட்டார். அந்தப் பதினாறு தேதித்தாளையும் சின்னக் கொத்தா மறுபடி அடிச்சேன், முதுகுல பசை, காலண்டர்ல அந்த இடத்தைக் கிழிச்சுட்டு இதைச் சொருகி ஒட்டிக்கிடலாம். மக்களை எப்படிப் போய்ப் பிடிக்கிறது? அவங்களே வருவாங்கல்ல கடைக்கு. சேவுக்கடையில அரைக்கிலோ பொட்டலத்துக்குள்ள ஒரு கொத்து. ஜவுளிக்கடையில பைக்குள்ள ஒரு கொத்து. மருந்துக்கடையில மாத்திரைக் கவரோட ஒரு கொத்து. எந்தக் கடைக்கு எப்போ கூட்டம் வரும்னு பட்டியல் போட்டு, பஸ் ஏறி கடை கடையா நானே போனேன். ஒருத்தர் மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசினார். ஒருத்தர் உக்கார வச்சு மோர் குடுத்தார். ரெண்டரை மாசம். புரட்டாசி ஒன்பதாம் தேதி விடியக்காலமே போய் ஆபீஸ் போன் பக்கத்துல உக்காந்துட்டேன், எத்தனை ஏச்சு வரப் போகுதோன்னு. பத்தரை மணி வரைக்கும் ஒண்ணுமில்ல. பெறகு ஒரே ஒரு போன். சாத்தூர் அண்ணாச்சி. "திதி குடுத்துட்டேம்மா. காக்கா வந்து எடுத்துட்டுப் போயிருச்சு." சொன்னதும் போனை வச்சுட்டார். மேசையில தலையைச் சாய்ச்சு அழுதேன். அடுத்த ஆடிப்பெருக்குக்கு மூணே மூணு கடைதான் ஆபீஸ் மாத்துனாங்க. இதுக்கு யாரும் எனக்கு லெட்டர் எழுதல. எழுதுறதா இருந்தா அண்ணன் லெட்டர்ல ஒரு வரியா ஏறியிருக்கும். "நெருக்கடியைத் திறம்படக் கையாண்டார்." அய்யோ, ஏறிருச்சே. நான்தான அடிச்சேன்.

பன்னெண்டாம் நம்பர் போகுது. போன் நடுங்குது. அப்பா. எடுக்கவா? எடுத்தேன். "என்னம்மா, முடிஞ்சுதா?" இல்லப்பா. "அண்ணன் தந்ததைக் குடு, என்ன. அவன் பேரை இழுத்துராத. நல்லா இருக்குற புள்ள." அப்போ நான் எப்படிப்பா இருக்கேன்? வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. வச்சுட்டேன், போனையே அணைச்சுட்டேன். கண்ணாடிக்காரர் அந்த மன்னிப்புக் கடிதத்தைப் பாத்துச் சிரிச்சுட்டார்னா? கவனக்குறைவானவன்னு முத்திரை குத்தின காகிதத்தைக் கொண்டுவந்து இடம் கேக்குறியே உனக்குப் பைத்தியமாம்மான்னா? கடைகளுக்கு அனுப்புனதுல இதுக்குன்னே இருந்த மாதிரி ஒரு கடிதம் மிச்சம் கிடந்துச்சு, ஒரு கடையை மூடிட்டாங்க, அதுக்குப் போக வேண்டியது. மைக்கேல் அண்ணாச்சி தன் அலமாரியில பழைய புரூஃபோட வச்சிருந்தார். போன வாரம் குடுத்தார். "பாப்பா, உன் பேரு போட்ட லெட்டர் இந்த ஆபீஸ்ல இது ஒண்ணுதான். கிழிச்சுப் போடுறதும் வச்சுக்கிறதும் உன் இஷ்டம்." மூணு வருஷம்னு இருக்கு அதுல. மூணு பன்னெண்டு முப்பத்தாறு. ஒரு மாசம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. என்னை ஏசுறதுக்காக அப்பா தன் கையால சரியா அளந்து குடுத்த முப்பத்தாறு. டொக். இந்தச் சனியன் பிடிச்ச நாற்காலி. பதிமூணு எந்திரிச்சுப் போயிருச்சு, அடுத்து நான். அச்சாபீஸ்ல மேசை ஆடுச்சுன்னா அண்ணாச்சி என்ன செய்வார்? வேஸ்ட் பேப்பரை எடுத்து எட்டா மடிச்சுக் காலுக்குக் கீழ குடுப்பார். கோயமுத்தூர் லெட்டரை எடுத்தேன். நல்ல காகிதம், நூறு ஜிஎஸ்எம் இருக்கும். ரெண்டா மடிச்சேன், நாலா மடிச்சேன், எட்டா மடிச்சு நகத்தால தேச்சேன். நாப்பத்தெட்டு மாசக்காரன் கண்ணை விரிச்சுப் பாக்குறான். குனிஞ்சு அந்தக் கட்டைக் காலுக்கு அடியில வச்சு, உக்காந்து அழுத்திப் பாத்தேன். ஆடல. இனிமே யார் வந்து உக்காந்தாலும் ஆடாது.

"பதினாலு." கண்ணாடிக்காரர் கை நீட்டுறார். குடுத்தேன். படிக்கிறார், உதடு அசையுது, தலைப்பைப் பாக்குறார், முத்திரையைப் பாக்குறார், நிமிந்து என்னைப் பாக்குறார். "இது மன்னிப்புக் கடிதமாச்சேம்மா." ஆமா சார். "அனுபவச் சான்றிதழ் கேட்டா..." பேரு இருக்கு சார், பதவி இருக்கு, எத்தனை வருஷம்னு இருக்கு, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு. நீங்க கேட்டதுல எது இல்லைன்னு சொல்லுங்க. குரல் கூடிப்போச்சு போல, பின்னால யாரோ திரும்புறாங்க. திரும்பட்டும். "வேற லெட்டர் எதுவும் இல்லையா? இருந்தா குடுத்துருங்கம்மா, உங்க நல்லதுக்குச் சொல்றேன்." நல்ல மனுசன், உண்மையிலேயே என் நல்லதுக்குத்தான் சொல்றார். இல்ல சார்னேன். அவர் லெட்டரைத் தூக்கிட்டு உள்ள போனார். கதவு மூடிச்சு. எண்ணுறேன். எம்பது வரைக்கும் எண்ணிட்டேன், எண்பத்து நாலும் தாண்டிருச்சு. கதவு திறந்துச்சு. "வாங்க."

உள்ள ரெண்டு பேர். ஒரு ஆள் மடிக்கணினியைப் பாத்துக்கிட்டு இருக்கார். இன்னொருத்தங்க ஒரு அம்மா, கையில என் லெட்டர், நரைச்ச முடியை ஒட்ட வெட்டியிருக்காங்க. இங்கிலீஷுக்குத் தயாராகிட்டுப் போனா, தமிழ்லயே கேக்குறாங்க. "இதுல எழுதியிருக்கிறது உண்மையா?" உண்மை மேடம், கவனக்குறைவு என்னோடதுதான். "நான் அதைக் கேக்கல. இதுல இருக்குற மூணு வருஷமும் மேலாளர் நீங்கதானா?" இதோ வந்துருச்சு. அண்ணன் முகம் வருது, வாட்ச் வருது, அப்பா ஈஸிசேர்ல படுத்திருக்கிறது வருது, வெள்ளையடிச்ச ரூமு வருது. ஒரு நாற்காலிக்கு ரெண்டு பேரு. இருந்துட்டுப் போகட்டுமே, எனக்கென்ன, எழுதினவர் அப்பா, ரெண்டையும் எழுதினவர் அவர். ஆமா மேடம், நான்தான், அதுக்குப் பெறகும் நான்தான், நேத்து வரைக்கும் நான்தான்னேன். அந்த ஆளு மடிக்கணினியை விட்டு நிமிந்து பாத்தார். அந்தம்மா லெட்டரைத் திருப்பி வச்சாங்க. "சரி. அந்த அமாவாசையை என்ன பண்ணுனீங்க?" இத்தனை வருஷத்துல இதை ஒருத்தர் என்கிட்ட கேக்கல. சொல்றேன் மேடம், கொஞ்சம் நேரமாகும்னு சொல்லிட்டு, நாற்காலியை மேசைக்குக் கிட்டக்க இழுத்துப் போட்டு உக்காந்தேன்.